ஒப்பீட்டுக்கு வைத்த குப்பி

போன வருடம் அக்னி நட்சத்திர வெயில் கொளுத்திய நாட்களில், செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. வெளியாருக்கு இது ஒரு பானைத் தண்ணீர் விவகாரம். எனக்கு அப்படி இல்லை. இன்றைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைக்காமல் என்னால் ஒரு சொம்புத் தண்ணீர் மொள்ள முடியவில்லை.

நான் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். சோதனைக் குழாயும் கையுமாகவே காலம் ஓடியதில் எனக்கு ஒரு குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் கேட்பேன். சாம்பாரில் உப்பு குறைச்சல் என்று என் கணவர் சொன்னால்கூட, கூட இருப்பவர்களிடம் ஒரு கரண்டி கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன். அதனால் வீட்டிலும் அவர் என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று என்னாலேயே இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஏழாவது மாதம். கோவிலம்பாக்கத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பை விமரிசையாக நடத்தினார்கள். அன்று சாயங்காலமே, கை நிறைய வளையல் குலுங்க அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே! சம்பந்தியம்மாவுக்கு அதில் அரை மனசுதான். அவருக்கு மகள் கிடையாது. என் மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். "டாக்டர் எங்க பக்கத்துலதானே சம்பந்தி இருக்காங்க, இங்கயே இருக்கட்டுமே" என்று வாசல் வரை வந்து சொல்லிப் பார்த்தார். நான் சிரித்து மழுப்பிவிட்டு மகளை வாடகைக் காரில் ஏற்றிவிட்டேன்.

எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் சண்டை என்று ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு போட்டி இருந்தது. அவர் முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தார் என்று தெரிந்தால், நான் மறுநாள் அதில் நெய்யும் மிளகும் கூடுதலாகப் போட்டு வைப்பேன். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் ஒருநாள் பேச்சுவாக்கில், "அம்மா, அத்தை இந்த சம்மருக்கு மண்பானை வாங்கி வெச்சிருக்காங்க. உள்ள வெட்டிவேர் போட்டு, அவ்ளோ வாசனையா இருக்கும் தண்ணி" என்றாள்.

போதாதா எனக்கு? அன்று பள்ளி வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போதே, வேளச்சேரி சாலை ஓரத்தில் பானை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் இருந்ததிலேயே பெரிய பானையாகப் பார்த்து, தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு வாங்கி வந்தேன். நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் ஒரு கட்டு. சமையலறை மூலையில் மணல் பரப்பி, பானையை வைத்து, சுற்றிலும் ஈரத் துணி கட்டினேன். வெட்டிவேரை வெள்ளைத் துணியில் முடிந்து உள்ளே போட்டேன். மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் கவிழ்த்து வைத்த பித்தளைச் சொம்பு. எங்கள் ஆர்.ஓ. இயந்திரத்தில் பிடித்த தண்ணீரைத்தான் அதில் ஊற்றினேன். குழாய்த் தண்ணீரைப் பானையில் ஊற்ற எனக்கென்ன பைத்தியமா?

மகள் முதல் வாய் குடித்துவிட்டு, "அத்தை வீட்டைவிட நல்லா இருக்கும்மா" என்றாள். எனக்கு எவ்வளவு பூரிப்பு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் பானைத் தண்ணீர்தான். வளைகாப்புக்கு வர முடியாத உறவுக்காரர்கள் மகளைப் பார்க்க வந்தபடி இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவரவரே சொம்பை எடுத்து, உள்ளே விட்டு மொண்டு குடித்துவிட்டு, "என்னம்மா இது, தண்ணியா அமிர்தமா!" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீர் முதல் சில குடங்களுக்குக் கலங்கலாக வந்தது. பிறகு தெளிந்துவிட்டது. ஆனால் தெருவே கலங்கிப்போனது. "சாக்கடைத் தண்ணி மிக்ஸ் ஆயிடுச்சாம்" என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட, மற்றவர்கள் தங்கள் வீட்டு வாளியை விதவிதமாகப் படம் எடுத்துப் போட்டார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். வாட்டர் பியூரிஃபையர் விற்கும் ஒருவர் எதிர்வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டு அக்கா என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை வைத்து சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, பார்க்கவே குமட்டும்படி ஆகிவிட்டது. மற்றது அப்படியே இருந்தது. "பார்த்தீங்களா மேடம்? இதைத்தான் நீங்க தெனமும் குடிக்கிறீங்க" என்றார் அவர். எதிர்வீட்டு அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

நான் அக்காவின் சமையலறைக்குள் போய் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து, அவருடைய சுத்தமான தண்ணீரில் போட்டேன். "இப்ப சுவிட்சைப் போடுங்க சார்" என்றேன். அவர் தயங்கினார். அக்கா விடவில்லை. போட்டதும் அதுவும் அதே பழுப்பு, அதே பச்சை. கரைந்திருக்கும் உப்பினால் மின்சாரம் பாய்கிறது, பாயும்போது அந்தக் கம்பியின் இரும்புதான் கரைந்து நிறம் கொடுக்கிறது, தண்ணீரின் அழுக்கு இல்லை என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு ஒரு அப்பாயின்ட்மென்ட் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். "பயமுறுத்தறதுக்குப் பேரு டெஸ்ட் இல்லக்கா" என்று நான் சொன்னது அன்று சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தெருவில் நான் தண்ணீர் டாக்டர் ஆகிவிட்டேன். இவ்வளவு விவரமாக இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வாரம் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போயிருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மகளுக்கு வயிறு சரியில்லாமல் போனது அதற்குச் சில நாட்கள் கழித்து. முதலில் மாம்பழம் என்று நினைத்தோம். நின்றது, மறுபடி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மதியம் அடிவயிறு கல் மாதிரி இறுகுகிறது என்றாள். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். உடம்பில் நீர்ச்சத்து வற்றிவிட்டது என்று உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்து, அந்த டம் டம் சத்தம் வெளியே வரும்வரை நான் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

இறுக்கம் மெல்ல அடங்கியது. அந்த டாக்டரம்மா நிதானமானவர். என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "இப்ப ஓகேம்மா. ஆனா இந்த லூஸ் மோஷன் மறுபடி மறுபடி வரக்கூடாது. உடம்பு வத்திப் போனா வலி வந்துடும். இந்த மாசத்துல வலி வந்தா குழந்தை ரொம்பச் சின்னதா இருக்கும். உங்க ஏரியாவுல தோண்டறாங்கன்னு சொல்றீங்க. தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுங்க."

கொதிக்க வைத்தேன். ஆர்.ஓ. தண்ணீரையே பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டேன். ஆனால் வெளியே அப்படி ஒரு வெயில். கொதித்து ஆறிய தண்ணீரை அப்படியே கொடுத்தால் மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அரை டம்ளரோடு வைத்துவிடுவாள். அவளோ நிறையத் தண்ணீர் குடித்தாக வேண்டும். அதனால் நன்றாக ஆறவைத்து, துணியில் வடிகட்டி, பானையில் ஊற்றி, குளிர்ந்த பிறகு கொடுத்தேன். ஆசையாகக் குடித்தாள். மூன்றாம் நாள் மறுபடியும் வயிறு கலங்கியது.

அன்று சம்பந்தியம்மா ஃபோன் செய்தார். குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சம்பந்தி, நான் தப்பா சொல்லல. அங்க தண்ணி அவளுக்கு ஒத்துக்கல. தெருவையே தோண்டிப் போட்டிருக்காங்களாமே. ஞாயித்துக்கிழமை நானும் பையனும் கார்ல வரோம். இங்க கூட்டினு வந்து வெச்சுக்கறேன். பிரசவம் இங்க நடந்தா என்ன?"

ஃபோனை வைத்துவிட்டு நான் அழுதேன். என் பெண்ணை என்னால் பார்த்துக்கொள்ள முடியாதா? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். குடிக்கும் தண்ணீரை ஆர்.ஓ.வில் பிடித்து, கொதிக்கவும் வைத்தாயிற்று. எனவே குடிக்கும் தண்ணீரில் கோளாறு இருக்க முடியாது. பல் தேய்ப்பது, காய் கழுவுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் குழாய்த் தண்ணீர். ஆகவே குழாய்த் தண்ணீர்தான் குற்றவாளி. கரும்பலகையில் எழுதினால் முழு மதிப்பெண் போடலாம், அவ்வளவு ஒழுங்கான தர்க்கம்.

எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்காகத் தண்ணீர் சோதிக்கும் குப்பிகள் வாங்கி வைத்திருந்தோம். ஒன்றும் பெரிய விஷயமில்லை. கிருமி நீக்கிய சின்னக் குப்பி, உள்ளே மருந்து தோய்த்துக் காய்ந்த ஒரு காகிதப் பட்டை. கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். சாக்கடைக் கலப்பினால் வரும் கிருமிகள் இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். இல்லாவிட்டால் லேசான பழுப்பிலேயே நிற்கும். தலைமையாசிரியையிடம் கேட்டு, மீதமிருந்த குப்பிகளை எடுத்து வந்தேன்.

வியாழக்கிழமை காலை தண்ணீர் விட்டதும் வேலையைத் தொடங்கினேன். குழாய் வாயைத் துடைத்து, நெருப்புக் காட்டி, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகுதான் பிடித்தேன். தெருமுனைப் பொதுக்குழாயில் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று, எங்கள் வீட்டுக்குள் வரும் குழாயில் ஒன்று, மாடித் தொட்டியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினேன். குளோரின் பார்க்கும் திரவமும் கையில் இருந்தது. பொதுக்குழாய்த் தண்ணீரில் சில சொட்டு விட்டதும் மஞ்சள் நிறம் வந்தது. குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குச் சப்பென்று போய்விட்டது. என் குற்றவாளி நல்லவனாகத் தெரிய ஆரம்பித்தான்.

எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். நல்லது என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றையும் கூடவே வைத்தால்தான் மற்றதன் நிற மாற்றத்தைச் சரியாகப் பார்க்க முடியும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது. அதனால் ஐந்தாவது குப்பியை எங்கள் பானையிலிருந்து நிரப்பினேன். சீட்டில் 'ஒப்பீடு' என்று எழுதினேன். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜின் தலைமேல் வரிசையாக வைத்தேன். அந்த வெயிலில் அடுப்படியில் எந்த இடமும் வெதுவெதுப்புதான்.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஒரே நிறம். சனிக்கிழமை முழுக்கப் பள்ளியில் விடைத்தாள் திருத்தும் வேலை. அலுத்துப்போய் வந்து படுத்துவிட்டேன். ஞாயிறு காலை காபிக்குப் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவள், நிமிர்ந்து பார்த்தேன். நான்கு குப்பிகள் டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தன. ஒன்று மட்டும் கண்மை மாதிரி கறுத்திருந்தது.

அப்பாடா, பிடித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. மாடித் தொட்டியாக இருக்கும், சம்பந்தி வருவதற்குள் ஆளைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கழுவிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே சீட்டைத் திருப்பினேன். என் கையெழுத்து. 'ஒப்பீடு'.

சீட்டு மாறிவிட்டதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மாறவில்லை. பானையின் மூடியைத் திறந்து, வெட்டிவேர் முடிச்சை வெளியே எடுத்தேன். வாசனைக்குக் கீழே வேறு ஏதோ ஒரு நாற்றம் இருந்தது. பானையின் உள்சுவரை விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. சோப்பு போட்டால் பானை கெட்டுவிடும் என்று நான் அதைத் தேய்த்துக் கழுவியதே இல்லை. வெட்டிவேரை அவ்வப்போது வெயிலில் காயவைக்கச் சொல்லியிருந்தார் மருந்துக் கடைக்காரர். முதல் வாரம் செய்தேன். அப்புறம் மறந்தே போனேன். வந்தவர் போனவர் கையெல்லாம் சொம்போடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் காவலுக்குக் குளோரினாவது இருந்தது. என் ஆர்.ஓ. இயந்திரம் அதை முதலிலேயே எடுத்துவிடும். காவல் இல்லாத தண்ணீரை நான் அக்கறையாகக் கொதிக்கவும் வைத்து, ஆறவும் வைத்து, இந்தப் பானைக்குள் ஊற்றி, என் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. இந்த மாதத்தில் வலி வந்தால்.

என் கணவர் உள்ளே வந்து, என்னையும் குப்பியையும் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "குழாய்த் தண்ணி நல்லா இருக்குன்னு வந்திருக்கில்ல? சம்பந்திகிட்ட அதைச் சொல்லு டீச்சரம்மா. அது பொய் இல்லையே" என்றார் மெதுவாக. எனக்காகத்தான் சொன்னார். அப்போதே வாசலில் கார் சத்தம் கேட்டது. நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டார்கள். நான் அந்தக் கறுப்புக் குப்பியை மட்டும் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். ஆமாம், தள்ளித்தான் வைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு மகள் என்னோடு இருக்க வேண்டும். அது மட்டும்தான் தெரிந்தது.

சம்பந்தியம்மா நேராக மகளின் அறைக்குப் போய் அவள் தலையைக் கோதினார். பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார். மாப்பிள்ளை வழக்கம்போல வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"என்னா வெயில் சம்பந்தி! டெஸ்ட் பண்ணியிருக்கீங்களாமே, என்ன வந்துச்சு?"

"குழாய்த் தண்ணியில ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

"அப்படியா? ஆச்சரியமா கீது போங்க" என்றவர், பேசிக்கொண்டே இயல்பாகப் பானைப் பக்கம் போனார். "முதல்ல உங்க பானைத் தண்ணி ஒரு சொம்பு குடிச்சிக்கறேன். மருமக ஃபோன்ல தெனம் புகழறா." தட்டை எடுத்தார். சொம்பை உள்ளே விட்டார். மொண்டார். உதடு வரை கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க!"

நான் கத்திய கத்தலில் சொம்பு அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. தண்ணீர் அவர் புடவையெல்லாம் தெறித்தது. அறைக்குள்ளிருந்து மகள், "என்னம்மா?" என்று பதறினாள். நான் டப்பாக்களுக்குப் பின்னால் கைவிட்டு, அந்தக் குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"குழாய்த் தண்ணி நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போனது இந்தப் பானை. நான்தான் என் பொண்ணுக்கு இதைக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். நீங்க அவளைக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முதலில் வாய் திறந்தவர் மாப்பிள்ளை.

"அத்தை, அப்ப எனக்கும் இதனாலதானா?" என்றார் தயங்கித் தயங்கி. "இங்க வந்துட்டுப் போனாலே மறுநாள் எனக்கு வயிறு அப்செட். போன திங்கக்கிழமை ஆபீஸ் போகவே இல்ல."

"சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை!"

"எப்படி அத்தை சொல்றது? மாமியார் வீட்டுத் தண்ணி ஒத்துக்கலன்னா என்ன நினைப்பீங்க?"

எனக்கும் என் கணவருக்கும் அந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. மாப்பிள்ளை தனக்கு வயிறு சரியில்லாதபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்றைக்கோ பானையைச் சந்தேகப்பட்டிருப்பேன். மரியாதை என்று நினைத்து மென்று விழுங்கியிருக்கிறார். மகளும் தன் அவஸ்தையில் பாதியை மறைத்திருக்கிறாள். முழுதும் சொன்னால் அத்தை வந்து அழைத்துப் போய்விடுவார், அம்மா மனசு உடைந்துவிடும் என்று பயந்தாளாம். அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பும் வந்தது.

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குப்பியைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் புடவையைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜின் மேலே கண்ணை ஓட்டினார்.

"இந்த மாதிரி காலிக் குப்பி இன்னும் இருக்கா சம்பந்தி?"

"இருக்கு. ஏன்?"

"ஒண்ணு குடுங்க. எங்க வூட்லயும் இதே மாதிரிதானே வெச்சிருக்கேன். வெட்டிவேரு, துணி, சொம்பு எல்லாம் அப்படியே. இவளைக் கூட்டினு போய், அங்க நான் எதைக் குடுத்திருப்பேன்?"

அவர் அதைச் சொன்ன விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஜெயித்த குரலும் இல்லை, விட்டுக்கொடுத்த குரலும் இல்லை. என்னைப் போலவே பயந்துபோன ஒரு பெண்ணின் குரல். இத்தனை நாள் நான் யாரோடு போட்டி போட்டேன் என்று வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று அவர்கள் மகளை அழைத்துப் போகவில்லை. சம்பந்தியம்மா மதியம் வரை இருந்து, அவரே தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, பக்கத்தில் நீளக் கைப்பிடி வைத்த கரண்டி ஒன்றையும் தொங்கவிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். நான் கொடுத்த காலிக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி ஹேண்ட்பேக்கில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

குப்பி கறுத்தது வெட்டிவேரில் ஒட்டியிருந்த வெறும் மண்ணினாலும் இருக்கலாமே என்று என் டீச்சர் புத்தி விடவில்லை. மறுநாள் பானைத் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் தனித்தனியாக ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தம். பானைத் தண்ணீரில் இருக்கக் கூடாத கிருமி இருக்கிறது என்று உறுதியாகவே சொல்லிவிட்டார்கள். மகளுக்கு டாக்டரம்மா மருந்து கொடுத்தார். அந்த வாரத்துக்குள் வயிறு சரியானது. எதிர்வீட்டு அக்காவிடமும் வாட்ஸ்அப் குழுவிலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். தண்ணீர் டாக்டர் பட்டம் அன்றோடு போனது. பதிலுக்குத் தெருவில் பலர் அவரவர் பானையையும், கேன் கவிழ்க்கும் தொட்டியையும் தேய்த்துக் கழுவியதாகக் கேள்விப்பட்டேன்.

மாதம் நிறைந்து, எங்கள் வீட்டிலிருந்து போய்த்தான் பேத்தி பிறந்தாள். நல்ல எடை. பிரசவ அறைக்கு வெளியே சம்பந்தியம்மாவும் நானும் ஒரே பெஞ்சில், ஒரே பாட்டில் தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர் கொண்டுபோன குப்பி என்ன நிறமானது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேத்திக்குப் பெயர் வைக்கும் விழாவுக்குக் கோவிலம்பாக்கம் போனபோது, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். அவருடைய பானை அங்கே இருந்தது. உள்ளே மண் நிரப்பி வெற்றிலைக்கொடி வைத்திருந்தார். அது செழித்து, கைப்பிடிச் சுவர் வரை ஏறியிருந்தது. திரும்பும்போது அதிலிருந்து ஒரு கொப்பை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டுப் பெரிய பானையில் அதுதான் வளர்கிறது.

இந்த வருடமும் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் அவரவர் தெருத் தண்ணீரைச் சோதிக்கக் கிளம்பும்போது, முதல் குப்பியை நான் என் சமையலறையில் பேத்தி வந்தால் அவளுக்குத் தண்ணீர் எடுக்கும் பாத்திரத்திலிருந்து நிரப்பிக்கொண்டு போகிறேன். அது கறுக்காமல் இருக்கிறதா என்று பார்க்கும்வரை மனம் அடித்துக்கொள்கிறது, அந்தப் பயம் என்னைவிட்டு எப்போதும் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.